மாப்பிள்ளை அனுப்பிய பிரேக் ஆயில்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே நாங்கள் நலம். உங்கள் மனைவியையும் சேர்த்துத்தான் ‘நாங்கள்’ என்று எழுதுகிறேன். தவறாக நினைக்க வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய பிரேக் ஆயில் டப்பா பத்திரமாக வந்து சேர்ந்தது. சிலிக்கான் வகை, பெயிண்டில் சிந்தினாலும் அரிக்காது என்று நீங்கள் சொன்னதெல்லாம் சரியே. ஆனால் அதை நான் இன்னும் ஊற்றவில்லை. போனில் சொன்னால் குளறிவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

என் பழைய காரில் இத்தனை வருடமாக இருப்பது சாதாரண வகை. சிலிக்கான் அதோடு கலக்காது. பழையதை இறக்கினாலும் குழாய்களில் கொஞ்சம் தங்கிவிடும். பிரேக்கிலுள்ள ரப்பர்களும் அதில் ஊறியவை. எல்லாவற்றையும் கழற்றி, கழுவி, ரப்பர் மாற்றிய பிறகே உங்களுடையதை ஊற்ற முடியும். அப்படித்தான் படித்தேன். படித்ததிலும் சந்தேகம் வந்து மெக்கானிக்கிடம் போனேன். “சார், நீங்க கார் ஓட்டப்போறீங்களா, பரீட்சை எழுதப்போறீங்களா?” என்று கேட்டுவிட்டு, சரிதான் என்றார்.

ஆகவே இப்போதைக்குப் பழைய வகையிலேயே புது டப்பா வாங்கினேன். ஊற்றியபின் குழாயிலுள்ள காற்றை வெளியேற்ற ஒருவர் பெடலை மிதிக்க வேண்டும். இன்னொருவர் சக்கரத்தருகே திருகாணியைத் திறந்து மூட வேண்டும். என் மகள்தான் மிதித்தாள். பெட்டியோடு வந்து இறங்கிய நாளிலிருந்து அறையை விட்டு அதிகம் வராதவள், மிதிக்கட்டுமா, விடட்டுமா என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் உங்கள் பேச்சை எடுக்க எனக்குப் பயம். டப்பாவைப் பற்றி நான் சொல்லவில்லை; அவளே அலமாரியில் பார்த்திருக்கிறாள். பெடலை மிதித்துக்கொண்டே, அவர் அனுப்பியதை ஏன் ஊற்றவில்லை என்று கேட்டாள். மேலே எழுதிய காரணங்களை வரிசையாகச் சொன்னேன்.

“எல்லாத்தையும் கழட்டணும்னா அனுப்பினவரையே வந்து கழட்டச் சொல்லுங்கப்பா. உங்களுக்கு முதுகு தாங்காது” என்றாள்.

கோபத்தில் சொன்னாளா, வேறு எப்படியாவது சொன்னாளா, தெரியவில்லை. நான் சக்கரத்தடியில் இருந்ததால் முகம் பார்க்க முடியவில்லை. திரும்பக் கேட்கத் தைரியமும் இல்லை. கேட்டதைக் கேட்டபடி எழுதிவிட்டேன்.

ரப்பர் செட்டுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். இது ஒரே நாளில் முடிகிற வேலை அல்ல. என்னால் தனியாக ஆகாது என்பதும் பொய்யில்லை. நாலு நாள் லீவு போட்டுக்கொண்டு வாருங்கள், மாப்பிள்ளை. நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

வரவை எதிர்பார்க்கும்,
மாமா