கம்பம்மெட்டு இறக்கத்தில் என் புதுக் கார்

மாப்ளே,

கதவைத் திறந்தால் இன்னும் அந்த வாசனை அடிக்கிறது. பிளாஸ்டிக்கும் பசையும் புதுத்துணியும் சேர்ந்த வாசனை. ஆமாம், உன் மச்சான் கார் வாங்கிவிட்டேன். நான் சாவியை வாங்கியபோது கம்பம்மெட்டு ஏலத்தோட்டங்களில் ஒரு இலைகூட ஆடாமல் நின்று மரியாதை செய்தது. பார்த்த சாட்சி நான் ஒருவன்தான் என்பதால் நீ நம்பித்தான் ஆக வேண்டும்.

வண்டி சின்னதுதான். நாலு பேர் தாராளமாக உட்காரலாம். ஐந்தாவது ஆள் மூச்சை இழுத்துப் பிடித்தால் அவருக்கும் இடமுண்டு. காலையில் கம்பத்திலிருந்து தோட்டத்துப் பெண்களை ஏற்றிவருவாயே, அந்த ஜீப்பின் பின்கம்பியில் தொங்குகிறவர்களே இதைவிட அதிகம். ஆனால் இதற்கு ரோஷம் ஜாஸ்தி. முன்சீட்டில் ஒரு பலாப்பழத்தை வைத்தேன், கீங்கீங்கென்று கத்த ஆரம்பித்தது. பலாப்பழத்துக்கு பெல்ட் போட்ட பிறகுதான் வாயை மூடியது. செக்போஸ்ட்டில் நிறுத்தினால் இன்ஜின் தானாக அணைந்துவிட்டது. போய்ச் சேர்ந்துவிட்டதே என்று நெஞ்சில் கைவைத்தேன். கிளச்சை மிதித்ததும் உயிர்த்தெழுந்தது. பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறதாம். ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோர் இருக்கும் மேட்டில் ஏறும்போது அடிவயிறு கல்லில் உரசுகிறது. உன் ஜீப் காலைத் தூக்கிப்போட்டுப் போகிற கல், இதற்கு இமயமலை.

பெருமை பேசத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் சொல்ல வந்தது எஸ்தரைப் பற்றி.

எனக்குத் தங்கச்சியாகப் பிறந்த பாவத்தோடு நிற்காமல் உனக்கு வாக்கப்பட்ட பாவத்தையும் சேர்த்துச் சுமந்தவள். போன மழைக்காலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீ எழுந்திருக்கவே இல்லை. அதற்குப் பிறகு அவள் மலையை விட்டு இறங்கவில்லை. எந்த வண்டியில் ஏறினாலும் குடல் வாய்க்கு வந்துவிடும் உடம்பு அது. உன் ஜீப்பில் மட்டும்தான் ஒன்றும் ஆகாது. ஒருதடவை மனதைத் திடப்படுத்திக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். இரண்டாவது வளைவிலேயே இறங்கி, வாந்தி எடுத்துவிட்டு, அப்படியே மேட்டில் நடந்து திரும்பி வந்துவிட்டாள்.

இந்த நேரத்தில்தான் உன் மகள் ஷீலாவுக்குத் தலைப்பிரசவம். கம்பத்து ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள். "மாமா, நாளைக்கு ஆபரேஷன்னு சொல்லிட்டாக. அப்பாவும் இல்ல. அம்மாவும் வராட்டி நான் எப்பிடி மாமா உள்ள போவேன்?"

மறுநாள் காலையில் தேரைக் கொண்டுபோய் வாசலில் நிறுத்தினேன். எஸ்தர் கையில் எலுமிச்சம்பழத்தோடு வந்து, கதவைத் திறந்து, மூக்கைச் சுளித்தாள்.

"என்னண்ணே இது, கொடலப் பொரட்டுது."

"அடியேய், புதுக்கார் வாசம்டி. இதுக்காகவே ஊர்ல அவனவன் ஏங்கிக் கெடக்கான்."

"ஏங்குறவனையே கூட்டிட்டுப் போ."

முணுமுணுத்துக்கொண்டே ஏறிவிட்டாள். மகள் காத்திருக்கிறாளே. போனில் வழி சொல்கிற அம்மணி, நாங்கள் திரும்பி முடித்த பிறகு "இடது பக்கம் திரும்பவும்" என்றாள். முதல் வளைவிலேயே எஸ்தரின் முகம் வெளுத்துவிட்டது. எலுமிச்சம்பழம் சாறாகிவிட்டது.

"அண்ணே, நிப்பாட்டு. நான் எறங்கி மேல நடந்து போயிர்றேன்."

இறங்கினால் திரும்ப ஏறமாட்டாள் என்று எனக்குத் தெரியும். ஷீலா அங்கே அம்மா இல்லாமல் படுத்திருப்பாள். வேறு வழி தெரியாமல் வாயில் வந்ததைக் கத்தினேன்: "உபதேசியார் வளைவு!"

நீ செய்வது அதுதானே. அந்த இறக்கத்தில் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பேர் வைத்து, ஸ்டியரிங்கைத் திருப்பும் முன்னாலேயே கூவுவாய். கேட்டதும் ஜீப்பே மொத்தமாக ஒரு பக்கம் சாயும். முன்சீட்டில் எஸ்தரும் சிரித்துக்கொண்டே சாய்வாள். உபதேசியார் வளைவு, அவரு சர்ச்சுல பண்ற பிரசங்கம் மாதிரி, முடிஞ்சதுன்னு நெனைப்ப, முடியாது. சம்பந்தியம்மா வளைவு, தூரத்துல சாது, கிட்டப் போனா சுருக்கு.

எஸ்தர் கண்ணைத் திறந்தாள். "இது சம்பந்தியம்மாண்ணே. உபதேசியாரு இதுக்கு அடுத்தது."

வேண்டுமென்றே தப்பாகச் சொன்னதாக ஊரில் அளந்துகொண்டிருக்கிறேன். உண்மையில் எனக்கு வரிசை மறந்துபோயிருந்தது.

"அப்பிடியா? அப்ப அடுத்தது கங்காணி."

"ஐயோ, உபதேசியாருன்னு இப்பத்தான சொன்னேன்! நீ வாய மூடிக்கிட்டு ரோட்டப் பாரு. நான் சொல்றேன்."

சொன்னாள். ஒவ்வொன்றாக, உன் காரணத்தோடு சேர்த்து, வளைவு வரும் முன்னாலேயே. சாய வேண்டிய பக்கம் சாய்ந்தாள். நடுவில் ஒரு வளைவில் மட்டும் தயங்கி, என்னைப் பார்த்து, "மச்சான் வளைவு. ஆரன் சத்தம் பெருசு, உள்ள ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நீ போனதிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். இத்தனை வருஷம் என் முதுகுக்குப் பின்னால் என்னை இப்படியா கூவிக்கொண்டு போனாய், பாவி?

நீ போன பிறகு மண் சரிந்த இடத்தில் பாதையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். அங்கே ஒரு வளைவு புதிதாக முளைத்திருக்கிறது. அங்கே வந்ததும் எஸ்தர் வாய் திறந்தாள், சொல்லப் பேர் இல்லை. "இதுக்குப் பேரு வைக்காமப் போயிட்டாரே" என்றாள். மெதுவாகத் திருப்பினேன்.

ஆஸ்பத்திரியில் எஸ்தர் ஷீலாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஆபரேஷன் தியேட்டர் கதவு வரைக்கும் போனாள். மதியத்துக்குள் பேத்தி வந்துவிட்டாள். அழுத அழுகையில் தேனி வரைக்கும் பஸ்கள் ஓரம் கட்டின.

ஒரு மாதம் கழித்து மூவரையும் மேலே கூட்டிவந்தேன். குழந்தை எஸ்தர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. அந்தப் புது வளைவு வந்தது. நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்: "பேத்தி வளைவு. சின்னதுதான், ஆனா எல்லாரையும் நின்னு திரும்ப வைக்கும்."

இப்போது தனியாகப் போனாலும் கூவிக்கொண்டுதான் போகிறேன், மாப்ளே. வரிசை பழகிவிட்டது. நீ வைக்காத பேர் அது ஒன்றுதான். அதையும் உன் குரலில்தான் சொல்கிறேன்.