ஒரு பசுவும் இரண்டு வக்கீல்களும்

3-2-1936, திங்கள்

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வாசலில் பாவாயி. கையில் மாட்டுக் கயிறு.

"ஏனுங்க வாத்தியாரே, மாடு விடியக்காலமிருந்து கத்துது. காளைக்குச் சேத்தோணும். பட்டியத் தொறந்து உடுங்க."

கால்நடை அபிவிருத்திச் சங்கத்துக்கு நான் காரியதரிசி. இங்கிலீஷில் கடிதம் எழுதத் தெரிந்த குற்றத்துக்கு எட்டு வருஷமாக அனுபவித்து வருகிறேன். சங்கத்தின் சொத்து ஒரு பொலிகாளை. அதன் பட்டிச் சாவி என்னிடம். காளை உறுப்பினர்களின் மாடுகளுக்கு மட்டுமே என்பது விதி. உறுப்பினராக இருந்தவர் பாவாயியின் புருஷன் கந்தப்பன். ஐப்பசியில் காலமாகிவிட்டார்.

தலைவர் சின்னண்ணக் கவுண்டரிடம் போனேன். "இது சட்டப் பிரச்சினைங்க. சேலத்து வக்கீலுக்கு எழுதுங்க" என்றார்.

எழுதினேன். பசுவுக்குப் பருவம் ஒரு நாள். தபால் போய்த் திரும்ப நாலு நாள்.

5-2-1936

வெளியில் வேறு காளை பார்த்துக்கொள் என்று பாவாயியிடம் சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன். இனம் கெடக்கூடாதென்று போன வருஷம் சங்கமே தீர்மானம் போட்டுச் சுற்றுவட்டாரத்துக் காளைகளுக்கெல்லாம் காயடித்துவிட்டது. தீர்மானம் எழுதியவன் நான். நடை நன்றாகவே அமைந்திருந்தது.

10-2-1936

சேலத்து அபிப்பிராயம் வந்தது. ஏழு பக்கம். உறுப்பினர் பதவி மரணத்தோடு முடிந்துவிடுகிறது, மனைவிக்கு இறங்காது. அவளைப் புதிதாகச் சேர்க்கப் பொது மகாசபைக்குத்தான் அதிகாரம்.

சரி, மகாசபையைக் கூட்டலாம். பதிவேட்டில் முப்பது பேர். மூன்றில் இரண்டு பங்கு, அதாவது இருபது பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். அந்த முப்பதில் பதினொருவர் இறந்துவிட்டார்கள். உயிரோடிருக்கிற அத்தனை பேரும் வந்தாலும் ஒருவர் குறைவு.

"செத்தவங்க பேரை அடிச்சுட்டா பதிமூணு பேர் போதுமேங்க" என்றேன்.

தலைவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அதுவும் சட்டப் பிரச்சினைதானுங்க. இதுக்கு நாமக்கல் வக்கீலக் கேப்போம்."

தலைவரின் பதவிக்காலம் 1933-இல் முடிந்தது. புதுத் தேர்தலுக்கும் மகாசபைதான் கூட வேண்டும். இதைச் சும்மா எழுதி வைக்கிறேன்.

24-2-1936

பசு மறுபடி கத்தியது. நாமக்கல்லிலிருந்து பதில் இல்லை.

2-3-1936

நாமக்கல் அபிப்பிராயம்: பதிவேட்டில் ஏறிய பெயர் மகாசபைத் தீர்மானத்தாலன்றி நீங்காது. மரணம் ஒரு தீர்மானம் ஆகாது.

ஒரு வக்கீல் சொன்னதற்கு மற்றவர் சொன்னது நேர் விரோதம். நிர்வாகக் கமிட்டி இரண்டையும் ஏகமனதாக ஏற்றுக்கொண்டது. ஆகவே கந்தப்பன் எண்ணிக்கைக்கு உயிரோடிருக்கிறார், காளைக்கு இறந்துவிட்டார்.

பாவாயியிடம் இதை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப நான் தாலி அறுத்தது செல்லுமா, செல்லாதாங்க? அதையும் ஒரு வார்த்த எழுதிக் கேட்டுப்போடுங்க."

16-3-1936

மூன்றாம் தடவை. இன்று மாட்டையே பட்டிக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"இந்தப் பருவமும் போச்சுன்னா வித்துப்போட வேண்டியதுதானுங்க. வறண்ட மாட்டுக்கு எங்கிருந்து தீவனம் போடறது? ராசிபுரத்துக்கு வெண்ணெய் போனாத்தான் எங்க ஊட்டுல அடுப்பெரியும்."

நான் விதியைச் சொன்னேன். உள்ளே காளை வேலியை முட்டிக்கொண்டிருந்தது. அதை மேய்க்கிற அம்மாசி என் காதருகே வந்தான். "சாவியக் குடுங்க சாமி. நாந்தான் தொறந்தேன்னு சொல்லிக்கறேன்."

முன்னுதாரணம் ஆகிவிடும் என்றேன். என்ன அழகான சொல்!

17-3-1936

சாவி என் இடுப்பில்தான் இருந்தது.

31-3-1936, செவ்வாய்

பாவாயி மாட்டைச் சந்தையில் விற்றுவிட்டாள். மூன்று பருவம் தவறிய மாடு, மலடு என்று சொல்லித் தரகன் அடிமாட்டு விலைக்கு முடித்தானாம்.

6-4-1936

காலையில் அம்மாசி சாவி கேட்டு வந்தான். தலைவர் வீட்டுக்குப் புதிதாக வந்த பசு கத்துகிறதாம். போய்ப் பார்த்தேன். அதே பசு.

தலைவர் உறுப்பினர். சட்டப் பிரச்சினை எதுவும் எழவில்லை. பட்டியைத் திறந்துவிட்டேன்.

16-1-1937

தலைவர் வீட்டுப் பசு கிடாரிக்கன்று ஈன்றது. சங்கத்தின் சாதனையாக மேலிடத்துக்கு எழுதச் சொன்னார். எழுதினேன்.

19-1-1937

பசு யாரையும் மடியில் கை வைக்க விடவில்லை. முதலில் தலைவரின் மருமகளை உதைத்தது, பிறகு சொம்பை, பிறகு தலைவரை. கன்று குடித்தது போக மடி கல்லாக இறுகிக் கிடக்கிறது. பாவாயியைக் கூப்பிட ஆள் போயிற்று. அவள் சொல்லியனுப்பியது:

"மாட்டைத்தானுங்க வித்தேன். கையையுமா சேத்து வித்தேன்? அந்தச் சேலத்து வக்கீல வரச் சொல்லுங்க. உக்காந்து கறக்கட்டும்."

விற்றவள் கறந்து கொடுக்கக் கடமைப்பட்டவளா என்று அபிப்பிராயம் கேட்கச் சொன்னார் தலைவர்.

"எந்த வக்கீலுக்குங்க?" என்றேன். தலைவர் உதைபட்ட காலைத் தடவிக்கொண்டார். மாடு கத்திக்கொண்டே இருந்தது.

20-1-1937

காலையில் தலைவர் நொண்டிக்கொண்டு தாமே பாவாயி வீட்டுக்குப் போனார். சாட்சிக்கு நானும்.

"கறக்கறேனுங்க" என்றாள். "மொதல்ல மகாசபையக் கூட்டி என்னச் சேருங்க."

மத்தியானம் மூன்று மணிக்கு மகாசபை. பதினைந்து பேர் வந்தார்கள். இருபது வேண்டுமே என்று இருமினேன்.

"செத்தவங்களை எல்லாம் இப்ப எதுக்குங்க இழுக்கறீங்க? அடிங்க பேரை" என்றார் தலைவர்.

ஒரே நிமிஷத்தில் பதினொருவர் இறந்தார்கள். அடுத்த நிமிஷத்தில் பாவாயி உறுப்பினரானாள். வக்கீல் என்ற சொல்லை யாரும் உச்சரிக்கவில்லை.

நேராகத் தொழுவத்துக்குப் போனாள். பசு அவள் தோளை நக்கிக்கொண்டு நின்றது. இரண்டு சொம்பு கறந்தாள். ஒன்றைத் தலைவரின் மருமகளிடம் கொடுத்தாள். மற்றதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

தலைவர் என்னைப் பார்த்தார். விதி மூன்றின்படி, உறுப்பினராகச் சேருகிறவருக்குச் சொந்தத்தில் ஒரு மாடாவது இருக்க வேண்டும். எனக்கு அது ஞாபகத்துக்கு வரவில்லை.