அந்தமானுக்கு என்னைக் கூப்பிட்டவருக்கு

சிங்கப்பெருமாள் கோவில்,
1991, கார்த்திகை

என்னங்க,

இருந்தபோதே பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, கடிதத்தில் மட்டும் எப்படி வரும்? இந்த 'என்னங்க' காதில் விழுந்ததும் திரும்பிப் பார்ப்பீர்களே, அப்படியே பாருங்கள். நல்ல சேதிதான் சொல்லப் போகிறேன்.

இங்கே ஒரு வாரமாக மழை. ஷிப்ட் முடிந்து வரும்போது சைக்கிளை நிறுத்திவிட்டு நீங்கள் கொக்கு பார்க்கும் ஒரகடம் ஏரி நிரம்பிவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டதில் பாபுவுக்குப் பொழுது போகவில்லை. டிரங்குப் பெட்டியைக் குடைந்து உங்கள் அந்தமான் மேப்பை எடுத்துக் கூடத்தில் விரித்துவிட்டான். கலா இப்போது உங்கள் கம்பெனியிலேயே பேக்கிங் லைனில் இருக்கிறாள். வேலை விட்டு வந்தவள், கை கால்கூடக் கழுவாமல் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அப்புறம் கேட்க வேண்டுமா? அரையாண்டு லீவில் போயே தீர வேண்டும் என்று இரண்டும் திட்டம் போட ஆரம்பித்தன. பாபுவுக்கு முதலை வேண்டும், கடலாமை முட்டையிடும் மணல் வேண்டும். கலாவுக்கு ஜெயில் வேண்டும். "எந்த ரூம்ல யாரை வெச்சிருந்தாங்கன்னு ஒண்ணொண்ணா பாக்கணும்டா, ஒரு நாள் முழுக்க அதுக்குத்தான்" என்றாள். "முதலை உனக்காகக் காத்துகினு இருக்குமா?" என்று அவன். நீங்கள் எங்களை விட்டுப் போன மாசிக்குப் பிறகு இந்த வீட்டில் இவ்வளவு சத்தம் கேட்டதே இல்லை.

நான் சமையலறையில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தேன். ராஸ் தீவுக்கு மத்தியானம் போகலாம் என்று கலா சொன்னதும் வாய் சும்மா இருக்கவில்லை. "காலையில போங்கடி. வெயில் ஏறிட்டா மான் நிழல்ல போய்ப் படுத்துக்கும். இடிஞ்ச பங்களா மட்டுந்தான் பாக்கலாம்" என்றேன்.

எட்டிப் பார்த்தால் இரண்டும் வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்க்கின்றன. "அம்மா, உனக்கு எப்படித் தெரியும்?" என்றான் பாபு. எப்படித் தெரியும்? எட்டு வருஷம் நான் காய் நறுக்க நறுக்க வாசற்படியில் உட்கார்ந்து சொன்னீர்களே. நான்தான் ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுகிறவள் என்று பேரெடுத்தவளாயிற்றே. ஒன்றையும் விடவில்லை, பாருங்கள்.

ஆனால் நீங்கள் கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் நான் ஒரு சாக்கு வைத்திருந்தேன். ஒரு வருஷம் கலாவின் பரீட்சை, ஒரு வருஷம் தீபாவளிச் செலவு, இன்னொரு வருஷம் உங்கள் ஓவர்டைம். முட்டுக்காட்டுப் படகிலேயே கத்தி ஊரைக் கூட்டியவள், மூன்று நாள் கப்பலில் எப்படி இருப்பேன் என்ற பயத்தை மட்டும் சொன்னதே இல்லை. நீங்களும் ஒவ்வொரு சாக்கையும் நம்பினீர்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் அண்ணன் வந்தார். சேதி அவர் காதுக்கும் எட்டியிருந்தது. காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டே ஆரம்பித்தார். "இன்னாம்மா இது? வருஷம் திரும்பல. கோயில் கொளத்துக்கே போவக்கூடாது. நாலு பேர் இன்னா பேசுவாங்க?"

பாபு தலையைக்கூடத் தூக்காமல் சொன்னான்: "நாங்க எங்க பெரியப்பா கோயிலுக்குப் போறோம்? ஜெயிலுக்குத்தான போறோம்."

உங்கள் அண்ணனுக்குப் புரையேறிவிட்டது. சிரிக்கக் கூடாது என்று அடக்கி, அடக்கி, கண்ணில் தண்ணீர் வந்து, கடைசியில் சிரித்தேவிட்டார். கலா அவர் தலையைத் தட்டிவிட்டாள். அந்த நேரத்தில் அவரை நினைத்தது நீங்கள்தானா?

எல்லாரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் நான் சொன்னேன்: "பெரியப்பா சொல்றதும் சரிதான். வருஷம் திரும்பட்டும், அப்புறம் பாக்கலாம்."

கலா என்னையே பார்த்தாள். "நான் லீவு எழுதிக் குடுத்துட்டேன்மா. சூப்பர்வைசர் கையெழுத்துகூடப் போட்டுட்டாரு. இது எத்தினியாவது சாக்கு உனக்கு?"

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தில் உண்மையும் வந்துவிட்டது. "உங்கப்பா கூப்டப்போ போவல. இப்ப அவரை வுட்டுட்டு எந்த மூஞ்சிய வெச்சிகினு போவேன்?" என்று கத்திவிட்டேன். அதுதாங்க விஷயம். நாலு பேர் பேச்சுமில்லை, கடலுமில்லை. உங்களுக்குக் கொடுக்காத சந்தோஷத்தை நான் மட்டும் எப்படி அனுபவிப்பது?

உங்கள் அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். "அவனுக்குத் தெரியும்மா" என்றார். "எங்கிட்ட சொல்லிகினே இருப்பான். 'அவளுக்குத் தண்ணின்னா பயம்ண்ணா. நான் இழுத்துகினு போனா பயந்துகினேதான் வருவா. ஒரு நாள் அவளே போலாமான்னு கேப்பா, அன்னிக்குப் போவோம்'னு. நீ போய்ட்டு வாம்மா. கேக்கறவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

அடப்பாவி மனுஷா என்று திட்டத்தான் தோன்றியது. எட்டு வருஷம் தெரிந்துகொண்டே தெரியாத மாதிரி இருந்தீர்களா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் உள்ளே போய், ஆய்ந்த அவரைக்காயையே மறுபடி ஆய்ந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் பாபுவைக் கூட்டிக்கொண்டு ரயிலேறி, துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கப்பல் ஆபீசுக்குப் போய் விண்ணப்பத்தில் நானே கையெழுத்துப் போட்டேன். மார்கழியில் கப்பல். மேப்பில் நீங்கள் பென்சிலால் சுழித்த ஒரு இடத்தையும் விடாமல் பார்த்துவிட்டு வருவேன். பயந்தாலும் கண்ணை மூட மாட்டேன். இது சத்தியம்.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நான் கேட்பேன் என்று காத்திருந்தீர்களாமே. தாமதந்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள். இதோ கேட்கிறேன்.

என்னங்க, அந்தமானுக்குப் போலாமா?

உங்கள் வீட்டுக்காரி,
கஸ்தூரி