பிரின்சி வீட்டில் செய்முறைத் தேர்வு

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் பனி. பத்து மணிக்கே சுள்ளென்று வெயில். ஆம்பூர் பஸ் நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோ, அப்புறம் நடை. குடை மறந்தேன்.

பிரின்சி, பத்தாம் வகுப்பு. எலும்புக்குள் ரத்தம் ஊறாத நோய். நாற்பது பிள்ளைகள் மூச்சு விடும் வகுப்பில் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் செவ்வாயும் வெள்ளியும் பள்ளிக்கூடம் அவள் வீட்டுக்குப் போகிறது. பள்ளிக்கூடம் என்றால் நான்தான். யார் போகிறீர்கள் என்று தலைமையாசிரியர் கேட்ட அன்று எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் ஜன்னலைப் பார்த்தேன், மாட்டிக்கொண்டேன்.

அவள் அம்மா சகாயமேரி ஷூ கம்பெனியில் செக்கராக இருந்தவர். மகளுக்காக வேலையை விட்டுவிட்டார். கண் மட்டும் இன்னும் வேலையை விடவில்லை. வாசலில் என்னை நிறுத்தி, ஷூவைத் திருப்பிப் பார்ப்பதுபோலக் கை, நகம், மூக்கு எல்லாம் பார்ப்பார்.

"ஒரு தபா இருமுங்க மிஸ்."

இருமினேன்.

"சரி, பாஸ். கை கழுவிட்டு வாங்க."

போன மாதம் வாசலில் ஒரே ஒரு தும்மல். "ரிஜெக்ட் மிஸ், வெள்ளிக்கிழமை வாங்க" என்று கதவைச் சாத்திவிட்டார். வீடு வந்து சேரும்வரை திட்டிக்கொண்டே வந்தேன்.

இன்று செய்தி. பிரின்சியின் அக்கா ஸ்டெல்லாவின் எலும்பு மஜ்ஜை இவளுக்குப் பொருந்திவிட்டது. அதை மாற்றிவைக்க 26ஆம் தேதி வேலூர் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். பிரின்சி மாட்டேன் என்கிறாளாம். செய்முறைத் தேர்வு முடிக்காமல் நகர மாட்டாள். அதை முடித்துவிட்டால் எழுத்துத் தேர்வைத் துணைத் தேர்வில் எழுதிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் இந்த வருஷம் மொத்தமும் போயிற்று.

"பாதியாவது முடிச்சிட்டுப் போறேன் மிஸ்" என்றாள். போறேன் என்ற அந்தச் சொல் வீடுவரை கூடவே வந்தது.

பிப்ரவரி 6, வெள்ளி

த.ஆ. மாவட்ட அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிவிட்டார், வீட்டிலேயே தேர்வு நடத்த அனுமதி கேட்டு. பதில் இல்லை.

எடுத்துப் போனவை: நுண்ணோக்கி (ஆய்வகத்தில் உருப்படியாக இருப்பது இது ஒன்றுதான்), ஸ்லைடு பெட்டி, அயோடின், சோதனைக் குழாய் நான்கு, பஞ்சு, ஸ்பிரிட். ஷேர் ஆட்டோவில் மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு போனேன். பக்கத்து அம்மாள்: "இன்னாம்மா, தையல் மெஷினா?" ஆமாம் என்றேன். விளக்க நேரமில்லை.

சகாயமேரி ஒவ்வொன்றையும் ஸ்பிரிட்டால் துடைத்துத்தான் உள்ளே விட்டார்.

மாவுச்சத்து சோதனை. வீட்டு வடிகஞ்சியிலேயே. அயோடின் ஒரு சொட்டு, கருநீலம். "நான் தினம் குடிக்கறதும் இதானா" என்று சிரித்தாள். வெங்காயத் தோல் ஸ்லைடு பார்த்தாள். இலைத்துளை பார்த்தாள்.

அடுத்தது ரத்தச் செல்கள். அந்த ஸ்லைடை எடுக்கவில்லை. செய்முறைப் புத்தகத்தில் இரண்டு பக்கத்தைச் சேர்த்துத் திருப்பிவிட்டேன். ரத்தத்தால் அவதிப்படும் பிள்ளையிடம் ரத்தத்தைப் போய்க் காட்டுவதா. இரக்கம் என்று சொல்லிக்கொள்கிறேன். பயம்தான்.

பிப்ரவரி 10, செவ்வாய்

வாசலில் பாஸ். உட்கார்ந்ததும் முதல் பேச்சு:

"மிஸ், ஒரு பக்கம் விட்டுட்டீங்க."

"அது வராதும்மா. சின்னக் கேள்வி."

"அந்த புக்குல எனக்கு முன்னாடியே தெரிஞ்ச பாடம் அது ஒண்ணுதான் மிஸ்."

கதவருகிலிருந்து சகாயமேரி: "வேணாம் மிஸ். அத எதுக்குப் புள்ளைக்குக் காட்டிக்கினு."

நானும் அம்மா பக்கம்தான் தலையாட்டினேன். பிரின்சி அழவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை.

"ஒன்றரை வருஷமா ஏத்தறாங்க, எடுக்கறாங்க. கம்மி, ஜாஸ்தின்னு பேப்பர்ல எழுதித் தராங்க. ஒரு நாள்கூட யாரும் எனக்கு அதக் காட்டல."

பிறகு சகாயமேரியே போய் ஜன்னல் திரையை ஒதுக்கினார். வெளிச்சம் வந்தது. நுண்ணோக்கியின் கண்ணாடியை அதற்கு நேராகத் திருப்பி, ஸ்லைடை வைத்தேன்.

குனிந்தாள். நிமிரவே இல்லை.

"எவ்ளோ இருக்குது மிஸ்."

"ம்."

"நடுவுல ஒண்ணு ஊதாவா, பெருசா."

"வெள்ளையணு."

"இதான் என்கிட்ட கம்மியா?"

"ஆமாம்மா."

"அழகா இருக்குது."

தன்னைக் கைவிட்டதைப் பார்த்து ஒரு பிள்ளை அழகு என்கிறது.

அப்புறம் கேட்டாள்: "இது யாரோடது மிஸ்?"

தெரியாது, கம்பெனியில் செய்து விற்கிற ஸ்லைடு என்றேன்.

"எனக்கு ஏத்தறதும் அப்பிடித்தான். யாரோடதுன்னு சொல்ல மாட்டாங்க. எத்தினி பேரு உள்ள இருக்காங்களோ. அவங்கல்லாம் இப்ப இன்னா பண்ணிக்கினு இருப்பாங்க மிஸ்?"

சகாயமேரியும் வந்து பார்த்தார். ஒரு கண்ணை இடுக்கி, தையலைப் பார்ப்பதுபோல நிதானமாக, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை. "ஒண்ணுலயும் டேமேஜ் இல்ல" என்றார்.

இருபத்திரண்டு வருஷமாக இதே ஸ்லைடை வைத்து "பார்த்தாச்சா, நகரு, அடுத்த ஆள்" என்று விரட்டியிருக்கிறேன். இன்று நானும் குனிந்து பார்த்தேன். முதல் முறை மாதிரி இருந்தது. முதல் முறையேதான் போலிருக்கிறது.

பிப்ரவரி 17, செவ்வாய்

அனுமதி வந்துவிட்டது. 24ஆம் தேதி, வீட்டில், வெளித் தேர்வாளர் முன்னிலையில். த.ஆ. ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் பிஸ்கட் கொடுத்தார். அவருக்கும் மனசு உண்டு என்று இன்று தெரிந்தது.

சிலிண்டர் புக் பண்ண வேண்டும். தொண்டை லேசாகக் கரகரப்பு. வெந்நீர், உப்பு. யாரிடமும் சொல்லவில்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

தொண்டை சரியாகவில்லை. நானே என்னை ரிஜெக்ட் செய்துகொண்டேன். போனிலேயே திருப்புதல். நடுவில் மூச்சு வாங்குகிறது அவளுக்கு. நிறுத்தலாமா என்றால், "அடுத்த கேள்வி கேளுங்க மிஸ்."

பிப்ரவரி 24, செவ்வாய்

என் தொண்டை சரியாகிவிட்டது, வாசலில் பாஸ். தேர்வாளர் குடியாத்தத்துப் பள்ளி ஆசிரியர். ஓய்வு பெறும் வயது. வாசலில் சகாயமேரி இருமச் சொல்வதற்கு முன்பே இருமிவிட்டார். இன்று விட்டால் வேறு நாள் இல்லை.

"சார் உள்ள வர முடியாதுங்க" என்றார் சகாயமேரி. அனுமதிக் கடிதத்தைக் காட்டினேன். அதை அவர் வாங்கக்கூட இல்லை.

தேர்வாளர் சண்டை போடுவார் என்று நினைத்தேன். மனிதர் வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். "ஜன்னல் இருக்குதா?" என்றார்.

வெளியே வெயிலில் பிளாஸ்டிக் நாற்காலி. மூடிய கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் அவள். போனில் கேள்வி. நான்கு கேள்விச் சீட்டுகளை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டார். நான் உள்ளே தட்டில் நீட்ட, அவள் இரண்டை எடுத்தாள். கொடுத்த கரைசல் அமிலமா, காரமா. இன்னொன்று, பூவின் பாகங்கள்.

அவளுக்குக் கையில் வலு இல்லை. போன வாரம் ஏற்றிய ரத்தம் தீர்ந்துகொண்டிருக்கிறது போல. லிட்மஸ் தாள் இரண்டு முறை கீழே விழுந்தது. நான் குனியப் போனேன். "தொடாதீங்க மிஸ், எனக்கு மார்க் போய்டும்" என்றாள். உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். ஜன்னலுக்கு வெளியே அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அதைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

நீலம் சிவப்பானது. அமிலம் என்று எழுதினாள். செம்பருத்தியை ஒவ்வொரு இதழாகப் பிரித்து வைத்தாள். கேள்வி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள்.

முடிந்தது. போகும்போது தேர்வாளர் என்னிடம், "முப்பது வருஷமா எக்ஸாம் நடத்தறேன் டீச்சர். இன்னிக்குத்தான் பாத்தேன்" என்றார். எதை என்று எனக்குத் தெரிந்தது.

பிப்ரவரி 25, புதன்

இன்று போகும் நாள் இல்லை. போனேன். நாளை காலை வேலூர். பை கட்டி வாசலில் இருந்தது.

காரணம் ஒன்று வேண்டுமே, பள்ளித் தகவல் படிவத்தை எடுத்துப்போனேன். அவளுடையதில் ஒரு கட்டம் காலி. ரத்த வகை. பேனாவைத் திறந்துகொண்டு கேட்டேன்.

"எது மிஸ்? இப்ப இருக்கறதா, வரப்போறதா?"

"ரத்த வகை மாறாதும்மா. பொறந்ததுல இருந்து சாகற வரைக்கும் ஒண்ணுதான்." எத்தனையோ வருஷம் வகுப்பில் சொன்ன வாக்கியம், அப்படியே வந்துவிட்டது. எந்த வீட்டில் எந்தச் சொல்லைச் சொன்னேன் என்று உறைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

"மாறும் மிஸ். நான் பி பாசிட்டிவ். அக்கா ஓ பாசிட்டிவ். மொதல்ல என்னோடத மொத்தமா காலி பண்ணிடுவாங்க. அப்பறம் அக்காவோடது உள்ள போய் ஊற ஆரம்பிச்சா, கொஞ்சம் மாசத்துல நானும் ஓ பாசிட்டிவ். டாக்டர் சொன்னாரு."

சகாயமேரியைப் பார்த்தேன். ஆமாம் என்று தலையசைத்தார்.

ஒரு பிள்ளைக்குள் ஊறுகிற ரத்தமே வேறாகிவிடுமாம், பிள்ளை அதே பிள்ளையாக இருக்குமாம். நான் அறிவியல் டீச்சர். எனக்குத் தெரியாது. பேனாவை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

"பென்சில்ல எழுதிக்கோங்க மிஸ்" என்றாள். "துணைத் தேர்வுக்கு வர்றப்ப அழிச்சிட்டு நானே பேனாவுல எழுதறேன்."

என்னிடம் பென்சில் இல்லை. அவளுடையதை வாங்கி, பி பாசிட்டிவ் என்று எழுதினேன். அழிக்க வசதியாக, அழுத்தாமல்.