இன்னும் போர்வை ஆகாத பார்சல்

சிவமயம்

உரும்பிராய்
24.09.2025

அன்பு மகள் தர்சிகாவுக்கு அம்மா எழுதுறது,

வீட்டு வைரவற்றை புண்ணியத்திலை நானும் அப்பாவும் சுகமாய் இருக்கிறம். நீயும் மருமகனும் உந்தக் கனடாக் குளிருக்குள்ளை சுகமாய் இருக்கிறீங்கள் எண்ட நம்பிக்கையிலை இதை எழுதுறன். ஒவ்வொரு நாளும் போனிலை முகம் பாத்துக் கதைக்கிறம்தானே, பிறகென்ன கடிதம் எண்டு சிரிப்பாய். சிரி. போனிலை நான் ஒண்டைத் துவங்க, அம்மா அதை விடுங்கோ எண்டு நீ மறிச்சுப்போடுவாய், நானும் உன்ரை முகத்தைப் பாத்தால் மாங்காய்க் கதை, மாட்டுக் கதைக்குப் போயிடுவன். கடிதத்தை உன்னாலை மறிக்கேலாது. இது பார்சலுக்குள்ளை வருது. பார்சல் அனுப்புறன் எண்டே நான் உனக்குச் சொல்லேல்லை. கப்பலிலை போய்ச் சேர மூண்டு மாசம் செல்லும் எண்டு தபால் கந்தோரிலை சொன்னவை, அப்ப நீ இதை வாசிக்கேக்கை மார்கழி முடியிற நேரமாயிருக்கும்.

கதையை முதலிலையிருந்து சொல்லுறன். பிறந்த பிள்ளையைத் தோய்ச்சுத் தோய்ச்சு மெத்தெண்டு போன பழஞ்சீலையிலைதான் கிடத்திறது, நீயும் அப்பிடித்தான் கிடந்தனி. உங்கை ஆரின்ரை வீட்டிலை பழஞ்சீலை இருக்கப்போகுது? அதுதான் ஆடி மாசமே என்ரை நாலு நூல் சீலையையும் அப்பாவின்ரை ரெண்டு வேட்டியையும் சதுரம் சதுரமாய் வெட்டி ஒட்டுப்போர்வை ஒண்டு தைச்சனான். நடுவிலை பஞ்சும் வைச்சு, பெட்டிக்குள்ளை அமத்தி, அப்பாவின்ரை மோட்டார்சைக்கிளிலை யாழ்ப்பாணம் கொண்டுபோனம். தராசிலை வைச்சால் மூண்டரைக் கிலோ! பிளேனிலை அனுப்ப அவை சொன்ன காசுக்கு நாலு புதுப் போர்வை வாங்கலாம். உன்ரை அப்பா சும்மா இருக்கிறாரே, சுண்டங்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் எண்டு தபால் கந்தோரிலை நிறுக்கிற பிள்ளைக்கு முன்னாலையே சொல்லிச் சிரிக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு வீடு வந்து சேருமட்டும் அவரோடை கதைக்கேல்லை.

பின் ஒழுங்கை சுபாஜினி லண்டனிலை இருக்கிற தமக்கைக்கு மாசா மாசம் துணி அனுப்புறவள். அவளைக் கேட்டன். பஞ்சை எடுங்கோ மாமி, அது அங்கையே மலிவாய்க் கிடைக்கும், பெட்டியும் வேண்டாம், வெறும் பெட்டியே நானூறு கிராம் நிக்கும், துணியாலை சுத்தித் தையுங்கோ எண்டாள். ரெண்டு கிலோவுக்குள்ளை நிண்டால் சின்னப் பொதிக் கணக்கு, தாண்டினால் பார்சல் கணக்கு, காசு ஏறிப்போம். இன்னொண்டும் சொன்னாள், துணியை நல்லாய் வெய்யிலிலை காயவிட்டுக் கொண்டுபோங்கோ, ஈரம் இழுத்த துணி தராசிலை பொய் சொல்லும் எண்டு. மெய்தான் பிள்ளை, மழைக்கு முந்தி அனுப்பினால்தான் லாபம். எல்லாம் செய்து ரெண்டாந்தரம் போனால் ரெண்டு கிலோவுக்கு மேலை நாப்பது கிராம். அப்பா என்னைத் திரும்பிப் பாத்தார். துணி மடிப்புக்குள்ளை உனக்கெண்டு ஒரு பொட்டலம் சரக்குத்தூள் ஒளிச்சு வைச்சிருந்தனான், பிள்ளை பெத்தவைக்குக் காய்ச்சிக் குடுக்கிற அதே தூள்தான். அந்தச் சனத்துக்குள்ளை என்ரை களவு பிடிபட்டுது. அதை எடுத்தாச்சு, ஆனால் கடுதாசியும் நிறைதானே, அதுதான் ரெண்டு பக்கமும் இப்பிடி நெருக்கி எழுதுறன். கண்ணாடியைப் போட்டு வாசி.

பொறு, உலை பொங்குது. வந்திட்டன்.

காசு காசு எண்டு ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரியிறன் தர்சி, ஆனால் காசு மட்டும் இல்லை. பிறக்க முந்திப் பிள்ளைக்கு ஒண்டும் தைக்கப்படாது, வாங்கப்படாது எண்டு எனக்குத் தெரியாததே? தெரிஞ்சுகொண்டுதான் போன முறை, கப்பலிலை விட்டால் மலிவு எண்ட ஆசையிலை, உனக்கு நாலாம் மாசம் நடக்கேக்கையே சட்டை, தொப்பி, துவாய் எல்லாம் தைச்சு அனுப்பினன். அது கடலிலை கிடக்கேக்கை உனக்கு ஆறாம் மாசத்திலை பிள்ளை தங்காமல் அப்பிடி ஆச்சுது. பத்தாம் நாள் பார்சல் வாசலுக்கு வந்துது. மருமகன் வேலைக்குப் போயிட்டார், நீ தனிய நிண்டு சைன் வைச்சு வாங்கினாய். அதை என்ன செய்தாய் எண்டு நீ சொல்லவுமில்லை, நான் கேக்கவுமில்லை, இனியும் கேக்கமாட்டன். பார்சல் பிந்திப்போச்சு எண்டு எல்லாரும் சொல்லிச்சினம். பார்சல் பிந்தேல்லை மகள், நான்தான் முந்தினனான். டொக்டர் சொன்ன காரணம் வேறை எண்டு எனக்குத் தெரியும், நான் விசரி இல்லை. எண்டாலும் நெஞ்சு அறிவைக் கேக்குதே? இப்ப உனக்கு அதே ஆறாம் மாசம் நடக்குது. கால் ஒரு இடத்திலை நிக்குதில்லை. கிணத்தடிக்குப் போறன், ஏன் வந்தனான் எண்டு தெரியாமல் திரும்பி வாறன். நேற்றுக் கறிக்கு ரெண்டு தரம் உப்புப் போட்டன், அப்பா முழுக்கத் திண்டிட்டு ஒரு செம்பு தண்ணி குடிச்சவர். நீ போன் எடுக்க அஞ்சு நிமிசம் பிந்தினால் உடனை மருமகனுக்கு எடுக்கிறன்.

பிறந்தபிறகு பிளேனிலை அனுப்புவம் எண்டார் அப்பா, மாட்டை வித்தாலும் பரவாயில்லை எண்டார். அதுக்கு என்னாலை ஏலாது, அந்த மாடு பிறகொரு அவசரத்துக்கு உனக்குத்தான் காசாய் உதவும். அதாலை நான் ஒண்டு செய்தன். தைச்ச போர்வையை நாலு நாள் இருந்து முழுக்கப் பிரிச்சன். இப்ப உள்ளுக்கை இருக்கிறது மேல்துணி மட்டும். பார்சலைச் சுத்தித் தைச்சிருக்கிற வெள்ளைத் துணிதான் அடித்துணி. பஞ்சு உன்ரை ஊர்க் கடையிலை கிடக்கு. மூண்டும் சேர்ந்தால்தான் போர்வை, இப்ப இது வெறும் துணி. உள்ளுக்கை என்ன எண்டு கேக்கிற படிவத்திலையும் பழந்துணி எண்டுதான் எழுதுவன். பழந்துணியைக் காசு குடுத்துக் கனடாவுக்கு ஆரம்மா அனுப்பிறது எண்டு அந்தத் தபால் கந்தோர்ப் பிள்ளை கேக்கும், கேக்கட்டும். வைரவர் வந்து கேட்டாலும் அதைத்தான் சொல்லுவன்.

இவ்வளவு கெட்டித்தனம் செய்தவள் கடைசியிலை என்ன செய்தன் எண்டு கேள். உன்ரை விலாசம் அழியப்படாது எண்டு தடிச்ச மாக்கர் பேனையாலை அந்த வெள்ளைத் துணியிலை பெரிசாய் எழுதிப்போட்டன். எழுதி முடிச்ச பிறகுதான் அது பிள்ளைக்கு அடியிலை வாற துணி எண்ட நினைப்பு வந்துது. தேசிக்காய்ப் புளியும் உப்பும் போட்டு உரஞ்சினன், எழுத்து முந்தியிலும் வடிவாய்த் தெரியுது, மற்றப் பக்கமும் ஊறிப்போச்சு. குந்தியிருந்து அழுதிட்டன். அப்பா வந்து பாத்துப்போட்டு, விடும், வாறவருக்கு எங்கை வரவேணும் எண்டு தெரியவேணும்தானே, வடிவாய் எழுதிக் கிடக்கட்டும் எண்டார். முப்பத்தஞ்சு வருசத்திலை அந்த மனிசன் உருப்படியாய்ச் சொன்ன ஒரே ஒரு கதை.

நேரத்துக்குச் சாப்பிடு, படியிலை கைபிடிச்சு இறங்கு, தண்ணி வாளியைத் தூக்கிறேல்லை. மருமகனுக்கு எங்கடை அன்பைச் சொல்லு. பார்சலைக் கத்திரிக்கோலாலை வெட்டாமல் தையலைப் பாத்துப் பிரி. பிரிச்சுப்போட்டு அலுமாரிக்குள்ளை அப்பிடியே வை, ஒண்டோடை ஒண்டைச் சேர்க்காதை. ஊசி நான் வைக்கேல்லை, ஊசி குடுத்தால் உறவு முறியும் எண்டுறது, நீயே வாங்கு. எல்லாம் நல்லபடியாய் நடக்கும், நீயும் உன்ரை வீடும் நிறைஞ்சு வாழவேணும். அந்த நாள் வந்தால், இஞ்சை எந்த நேரம் எண்டு பாக்காமல் எனக்கு எடு. பிள்ளை அழுகிற சத்தத்தை முதல் எனக்குக் கேக்கப்பண்ணு. அதுக்குப் பிறகு ஊசியிலை நூலைக் கோர்.

வாசலைப் பாத்துக்கொண்டிருக்கிற உன்ரை அம்மா,
பொ. குணலட்சுமி