ஒல்லியானவரின் ரத்தக்குழாய்

செவ்வாய், இரவு.

இன்று நானும் கணவரும் எங்கள் இருவரின் இதயப் பரிசோதனை முடிவு வாங்க உலு திராம் கிளினிக்குப் போனோம். "குண்டம்மா, உனக்குத்தான் ரத்தக்குழாய் அடைச்சிருக்கும் லா" என்று அவர் நர்ஸுக்கு முன்னாலேயே சிரித்தார்.

எனக்கு ஒன்றுமில்லை. ஒல்லியான அவருக்குத்தான் இதயக் குழாயில் கொழுப்புப் படிந்திருக்கிறது.

"ஒல்லியா இருந்தா தப்பிக்க முடியாது தம்பி. கெட்ட கொலஸ்ட்ரால் ரொம்ப அதிகம், அதோட சிகரெட் வேற. உங்கப்பாவும் சின்ன வயசுலயே மாரடைப்புல போயிருக்காரு. இது பரம்பரையா வர்றது மாதிரி இருக்கு" என்றார் டாக்டரம்மா.

கணவர் முகம் செத்துப்போனது. எனக்கு உள்ளே இனித்தது. "இப்ப யாருக்குங்க அடைச்சிருக்கு?" என்று அவர் காதோடு கேட்டேன்.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "பிள்ளைக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்துடுங்கம்மா."

நாளைக் காலை எடுக்கிறார்கள். மகளுக்கு ஐந்து வயது. அப்பனை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமையடித்தது நான்தான்.