பத்திரிகையில் சின்னவன் பெயர்

என் ஆசை அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுகிறேன். ஆமாம், நானேதான்! எழுபத்திரண்டு வயதில், ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சாயங்கால வகுப்பில் எழுத்துக் கற்றுக்கொண்டேன். இந்த நாலு வரிக்குள் காபி ஆறிவிட்டது. மேலோகத்திலிருந்து சிரிக்காதே.

படித்துப் பழக ஏதாவது வேண்டுமே என்று பெட்டியைத் திறந்தேன். உன் பெரியவனுடைய பழைய கல்யாணப் பத்திரிகை கிடைத்தது. விரல் வைத்து ஒவ்வொரு பெயராகப் படித்தேன். உன் சின்னவன் செல்வராசு பெயர் மட்டும் இல்லை. அவன் மனசுக்கு வைத்தியம் பார்க்கத் தொடங்கிய வருடம் அது. அந்தப் பத்திரிகைக்குத்தான் நீயும் நானும் மஞ்சள் தடவி, குன்றாண்டார்கோவிலிலிருந்து குளத்தூர் வரை வீடு வீடாகக் கொடுத்தோம். நம் ரெண்டு பேருக்கும் அப்போது எழுத்துத் தெரியாது; தெரிந்திருந்தால் கொடுத்திருப்பாயா, அக்கா?

போன மாதம் என் பேத்திக்குக் கல்யாணம் நிச்சயமானது. அச்சடிக்குமுன் சரிபார்க்கும் தாளை என் மகன் முருகேசன் நீட்டினான். "எங்க, படிங்கப்பா பாப்போம்" என்று கேலி வேறு. படித்தேன். இதிலும் அவன் பெயர் இல்லை.

"செல்வராசு எங்கடா?"

"மச்சான் இன்னும் மாத்திரை சாப்புடுறாருல்லப்பா. மாப்பிள்ளை வீட்டுல எதாச்சும் நெனைப்பாங்க."

"சர்க்கரைக்கு நானுந்தான் மாத்திரை முழுங்குறேன். என் பேரையும் அடிச்சுரு."

உள்ளேயிருந்து பேத்தி, "மாமா பேரு இல்லாட்டி மாப்பிள்ளை பேரும் வேணாம்!" என்று கத்தினாள். முருகேசன் சிரித்துவிட்டான். பேனாவை வாங்கி நானே எழுதினேன். செல்வராசு. ஐந்தே எழுத்து. கால் மணி நேரம் ஆனது.

அச்சாகி வந்ததை உன் சின்னவனிடம் கொடுத்தேன். தன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தான். "மாத்திரையில தூக்கம் வருது மாமா. ஆனா நான் போனா டீக்கடையில பேச்சு நின்னுருதே, அதுக்கு டாக்டருட்ட மருந்து இல்லயே" என்றான். பிறகு, "குளத்தூர்ப் பக்கம் நான் குடுத்துட்டு வாரேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டான். ஒரு வீட்டில் பேசிக்கொண்டே இலை போட்டுச் சாப்பிட வைத்திருக்கிறார்கள். திரும்பி வந்து, "சாம்பாருல உப்பே இல்ல மாமா" என்று குறை சொன்னான். எனக்கு வயிறு நிறைந்துவிட்டது.

மாதாமாதம் புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரிக்கு அவன் தனியாகத்தான் போகிறான். பஸ்ஸில் யாராவது "எங்கிட்டு போறீங்க?" என்றால், "சும்மா டவுனுக்கு" என்பானாம். இனி நானும் போகிறேன். "கேக்குறவங்ககிட்ட உள்ளதைச் சொல்லலாமாடா?" என்றேன்.

"சொல்லுங்க மாமா. கத்தாமச் சொல்லுங்க."

கத்தாமல் சொல்வேன், அக்கா. இது சத்தியம்.

இப்படிக்கு,
கைநாட்டு வைக்காத உன் தம்பி,
கருப்பையா